மாட்டைப் பூட்டியது யார்?

தேனியிலிருந்து வருசநாடு போகிற சாலையில், மூல வைகையை ஒட்டி இருக்கிறது கடமலைக்குண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு காலை நேரம் அந்த ஊர்ப் பக்கம் போனபோது பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ''ரோட்டுல பந்தயம் ஓடுது சார், அரை மணி நேரம் ஆகும்'' என்றார் கண்டக்டர். இறங்கிப் போய்க் கூட்டத்தோடு நின்றேன்.

இரட்டை மாட்டுவண்டிப் பந்தயம். தேனி மாவட்டத்தில் இதற்கென்று தனி அகராதியே உண்டு. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான்... (எந்தக் கவிஞர் வைத்த பெயர்களோ!) வயதும் உயரமும் பார்த்து மாடுகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் போட்டி, தனித் தூரம், தனிப் பரிசு.

துண்டை உதறித் தோளில் போட்டபடி நின்ற பெரியவரிடம் அசட்டுத்தனமாகக் கேட்டேன். ''ஏங்கய்யா, எது வேகமான மாடுன்னு தெரியணும்னா எல்லாத்தையும் ஒண்ணா விட்டுப் பார்த்துடலாமே?''

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''அதெப்படி தம்பி? கன்னுக்குட்டியையும் காளையையும் ஒண்ணா ஓடவிட்டு, காளை ஜெயிச்சிருச்சுன்னு மைக்குல சொன்னா சிரிக்க மாட்டாங்களா?'' கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: ''மாடு ஓடுறதை மட்டும் பார்க்கக் கூடாது. மாட்டைப் பூட்டுனது யாரு, ரோட்டைப் பிடிச்சது யாரு, கொடி அசைக்கிறது யாரு... அம்புட்டையும் பார்க்கணும்.''

எனக்கு 1999-ம் வருடம் ஞாபகத்துக்கு வந்தது. இதே மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க கம்ப்யூட்டர்காரர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்ற வருடம் அது.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வெப் சர்வர் என்பது கிட்டத்தட்ட நம் ஓட்டல் சர்வரேதான். நீங்கள் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாஃப்ட்வேர் அதை எடுத்து வந்து பரிமாறுகிறது. ஒரு விநாடியில் எத்தனை இலைக்குப் பரிமாறுகிறார் என்பதுதான் அவர் திறமைக்கு அளவுகோல்.

அன்று களத்தில் இரண்டு பேர். ஒருவர் அப்பாச்சி. 1995-ல், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எழுதப்பட்ட பழைய சர்வருக்கு ஆளாளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய இலவச சாஃப்ட்வேர். பெரும்பாலும் லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் மேல் ஓடியது. லினக்ஸும் இலவசம்தான். ஃபின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி வைத்தது. எதிரே இருந்தவர் மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் என்.டி. என்ற இயங்குதளம், அதன் மேல் ஐ.ஐ.எஸ். என்ற வெப் சர்வர். பணபலம், ஆள்பலம் எல்லாம் இந்தப் பக்கம். ஆனாலும் 1999-ல் உலகின் வெப்சைட்டுகளில் பாதிக்கு மேல் அப்பாச்சியில்தான் இருந்தன!

மைக்ரோசாஃப்டுக்கு இது உறுத்தியது. அது ஊகம் இல்லை, எழுத்தில் இருக்கிறது. 1998 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் உள் அறிக்கை ஒன்று வெளியே கசிந்தது. எழுதியவர் அங்கே பணியாற்றிய வினோத் வல்லொப்பில்லில். இலவச சாஃப்ட்வேர்களை விளையாட்டுப் பிள்ளைகள் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது, நமக்கு நேரடி ஆபத்து என்பதுதான் அதன் சாரம்.

அடுத்த ஆறாவது மாதம் பந்தயத்துக்கு மைக் கட்டப்பட்டது.

1999 ஏப்ரல் 13. மைண்ட்கிராஃப்ட் என்ற அமெரிக்கச் சோதனை நிறுவனம் (பிள்ளைகள் விளையாடும் மைன்கிராஃப்ட் அல்ல!) ஓர் அறிக்கை வெளியிட்டது. மார்ச் மாதத்தில் என்.டி.யையும் லினக்ஸையும் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தோம். வெப் சர்வராக, லினக்ஸ்-அப்பாச்சி ஜோடியைவிட என்.டி. 3.7 மடங்கு வேகம். ஃபைல் சர்வராக 2.5 மடங்கு வேகம்.

கம்ப்யூட்டர் என்றால் சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. டெல் நிறுவனத்தின் பவர்எட்ஜ் 6300. உள்ளே நான்கு ஸியான் பிராசஸர்கள், 4 ஜி.பி. மெமரி, விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் நான்கு நெட்வொர்க் கார்டுகள். அந்தக் காலத்துக்கு அது யானை.

அறிக்கையின் ஒரு மூலையில் இன்னொரு வரியும் இருந்தது. இந்தச் சோதனைக்கு நிதியுதவி: மைக்ரோசாஃப்ட்!

லினக்ஸ் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் அறிக்கையை அக்கக்காகப் பிரித்துப் போட்டார்கள். என்.டி.யை எப்படித் தயார் செய்திருக்கிறார்கள் பாருங்கள்... ஒவ்வொரு நெட்வொர்க் கார்டையும் ஒவ்வொரு பிராசஸரோடு ஜோடி சேர்த்து, ரெஜிஸ்ட்ரியில் நுணுக்கி நுணுக்கி மாற்றம் செய்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பந்தயத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். லினக்ஸுக்கோ அந்தச் சீராட்டு இல்லை.

மைண்ட்கிராஃப்ட் சொன்ன சமாதானம்: லினக்ஸை வேகப்படுத்துவது எப்படி என்று இணையத்தின் விவாதக் குழுக்களில் கேட்டோம், உருப்படியான பதில் வரவில்லை. தேடிப் பார்த்தார்கள். கேள்வி இருந்தது உண்மைதான். ஆனால், அதில் மைண்ட்கிராஃப்ட் என்ற பெயரே இல்லை. இன்ன சோதனை நடக்கிறது, இன்ன வேலைக்காக என்ற விவரமும் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தர் வந்து 'என் மாடு மெதுவா ஓடுது, என்ன பண்ணலாம்?' என்று கேட்டால் என்ன பதில் கிடைக்குமோ அதுதான் கிடைத்திருக்கிறது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி இன்னொரு செய்தி வந்தது. சோதனை நடந்த இடமே மைக்ரோசாஃப்டின் சொந்தச் சோதனைக்கூடம்!

மாட்டைப் பூட்டியது, ரோட்டைப் பிடித்தது, கொடி அசைத்தவருக்குச் சம்பளம் கொடுத்தது... மூன்றுக்கும் ஒரே பதில். லினக்ஸ் ரசிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? கேஸ் முடிந்தது என்று கை தட்டிக்கொண்டார்கள்.

முடியவில்லை. கதையின் சுவாரஸ்யமான பகுதியே இனிமேல்தான்.

மைண்ட்கிராஃப்ட் இரண்டாவது முறை சோதனை நடத்தியது. இம்முறை லினஸ் டார்வால்ட்ஸ் உள்பட லினக்ஸ் பக்கத்து ஆட்கள் சிலர் மின்னஞ்சலில் ஆலோசனை சொன்னார்கள். என்.டி.தான் ஜெயித்தது. 'கூடத்துக்குள் எங்கள் ஆளை விடவில்லையே, இதை எப்படி ஏற்பது?' என்றார்கள் இவர்கள். அதிலும் நியாயம் இருந்தது. 'அப்படியானால் பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாமா?' என்று சவால் விட்டது மைண்ட்கிராஃப்ட்.

1999 ஜூனில், கலிபோர்னியாவில் 'பி.சி. வீக்' பத்திரிகையின் சோதனைக்கூடத்தில் மூன்றாவது பந்தயம் நடந்தது. லினக்ஸ் சார்பில் ரெட் ஹாட் நிறுவனத்திலிருந்து ஸாக் பிரவுன், டக் லெட்ஃபோர்ட் என்ற இருவர் வந்து உட்கார்ந்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஆட்களும் வந்தார்கள். அவரவர் மாட்டை அவரவரே பூட்டிக்கொள்ளலாம். நடுவராகப் பத்திரிகைக்காரர்கள். முன்பு செய்த எந்தக் குற்றச்சாட்டுக்கும் இடமில்லாத ஏற்பாடு.

முடிவு? லினக்ஸ்-அப்பாச்சி விநாடிக்கு 1,842 பக்கங்கள். என்.டி. 4,166 பக்கங்கள்!

முதல் அறிக்கை சொன்ன 3.7 மடங்கு வித்தியாசம் கரைந்து, இரண்டே கால் மடங்காகக் குறைந்திருந்தது. முதல் சோதனை எவ்வளவு கோணல் என்பதற்கு இந்த வித்தியாசமே சாட்சி. அதே சமயம், 'கோணலாக நடத்தினார்கள், ஆகவே பொய்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயையும் இது அடைத்துவிட்டது. பந்தயம் நடத்திய விதம் தப்பு. ஆனால், ஜெயித்த மாடு நிஜமாகவே வேகமான மாடுதான், அந்த ரோட்டில்.

லினக்ஸ் முகாமில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கத்துகிறவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். வேலை தெரிந்தவர்கள் அமைதியாக மாட்டின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு முட்கள் தெரிந்தன.

ரேஷன் கடையில் நான்கு தராசு, நான்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், கோடவுனுக்குச் சாவி ஒன்றே ஒன்று. ஒருத்தர் சாவி வாங்கி உள்ளே போய் வரும்வரை மற்ற மூவரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அன்றைய லினக்ஸ் 2.2-ல் நெட்வொர்க் வேலையைக் கவனிக்கும் பகுதி இப்படித்தான் இருந்தது. பிராசஸர் நான்கு, கார்டு நான்கு, பூட்டு ஒன்று! ஒரே பிராசஸர் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டரில் இந்தக் குறை தெரியவே தெரியாது. யானை மாதிரி கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் தெரியும்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் இருபது ஆட்டோ டிரைவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பயணி வந்து இறங்குகிறார். இருபது பேரும் எழுந்து ஓடி வந்து, ஒருத்தருக்குச் சவாரி கிடைத்து, மற்ற பத்தொன்பது பேரும் திரும்பப் போய்ப் படுக்கிறார்கள். அடுத்த பயணி வந்தால் மறுபடி அதே கூத்து. அப்பாச்சி நிறைய வேலையாட்களை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். ஒரு கோரிக்கை வந்தால் லினக்ஸ் அத்தனை பேரையும் தட்டி எழுப்பிவிடும். பாதி நேரம் தூங்குவதிலும் எழுவதிலுமே போயிற்று.

கண்டுபிடித்தபின் சும்மா இருப்பார்களா? ஒருத்தரை மட்டும் எழுப்பும் முறை வந்தது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4-ல் அந்த ஒற்றைப் பூட்டு உடைக்கப்பட்டு, பிராசஸர்கள் தனித்தனியாக வேலை செய்யும்படி ஆயிற்று. அதற்கு முன்பே, 2000-ல், ரெட் ஹாட்டின் இங்கோ மோல்னார் 'டக்ஸ்' என்ற வெப் சர்வரை லினக்ஸின் அடிவயிற்றிலேயே வைத்து எழுதினார். 'ஸ்பெக்வெப்99' என்ற, பல நிறுவனங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட சோதனையில் அது ஐ.ஐ.எஸ்.ஸைத் தூக்கி அடித்தது. மைக்ரோசாஃப்ட் செலவில் லினக்ஸுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை நடந்த மாதிரி ஆகிவிட்டது!

சரி, மூன்றாவது பந்தயமாவது நியாயமானதுதானா?

ஜெர்மனியின் பிரபல கம்ப்யூட்டர் பத்திரிகை 'ஸீ-டீ' அதே 1999 ஜூனில் தன் செலவில், தன் கூடத்தில் ஒரு சோதனை நடத்தியது. அவர்கள் யார் வேகம் என்பதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: 'எந்த வேலையில்?' ஒன்றுக்கு மேல் நெட்வொர்க் கார்டு மாட்டி, மெமரிக்குள் அடங்கிவிடும் மாறாத பக்கங்களைக் கேட்டால் என்.டி. ஓடுகிறது, உண்மைதான். ஒரே கார்டு என்றால் பெரிய வித்தியாசமில்லை. கேட்பவருக்குத் தகுந்தபடி அப்போதைக்கப்போது தயாரிக்கும் பக்கங்கள் என்றால் லினக்ஸ் முந்துகிறது.

மைண்ட்கிராஃப்ட் சோதனையில் கேட்கப்பட்டதெல்லாம் மாறாத பக்கங்கள். காலையிலேயே சுட்டு அடுக்கி வைத்த இட்லியை எடுத்து எடுத்து வைக்கிற வேலை. 'ஒரு ஸ்பெஷல் தோசை, நெய் கம்மி' என்று யாருமே கேட்கவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். முதல் சோதனையில் தோற்றுப்போன லினக்ஸின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,000 பக்கங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். ஆக, தோற்றவனே ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் பக்கங்களைப் பரிமாறுவான்! நான்கு கார்டுகளையும் நிரப்ப விநாடிக்கு 400 மெகாபிட் வேண்டும். அமெரிக்காவிலேயே அன்று ஓர் அலுவலகம் வைத்திருந்த 'டி-1' என்ற நல்ல இணைப்பின் வேகம் ஒன்றரை மெகாபிட்தான். அந்த மாதிரி 250 இணைப்புகளுக்கு மேல் வாங்கியவருக்குத்தான் இந்தப் பந்தயத்தின் முடிவால் பிரயோஜனம்.

இங்கேதான் கடமலைக்குண்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

சோதனைக்கூடத்தில் 'வாடிக்கையாளர்' என்று உட்கார்ந்திருந்தவை எல்லாம் அடுத்த மேஜையில், 100 மெகாபிட் கேபிளில் இணைந்த கம்ப்யூட்டர்கள். கேட்ட மறுநொடி சாப்பிட்டுவிட்டு இலையை மடித்துவிடுவார்கள். நிஜ வாழ்க்கையில் அப்படியா? 2000-களின் தொடக்கத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர்களில் ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்க பிரவுசிங் சென்டரில் காத்துக்கிடந்தவர்களுக்குத் தெரியும். டெலிபோன் லைன், கீச் கீச்சென்று கத்தும் மோடம். பதிவு எண்ணை அடித்துவிட்டு, பக்கம் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்குவதற்குள் அந்தப் பையனுக்கு உயிரே போய்விடும். பின்னால் அவன் அப்பா, 'என்னாச்சுடா... என்னாச்சுடா...'

28.8 கிலோபிட் மோடத்தில் 50 கிலோபைட் பக்கம் ஒன்று இறங்க ஏறக்குறைய 14 விநாடி. அவ்வளவு நேரமும் சர்வர் பக்கத்தில் ஒரு வேலையாள் இந்த ஒரே இலைக்கு எதிரில் நின்றாக வேண்டும். விநாடிக்கு 1,000 பேர், ஒவ்வொருவரும் 14 விநாடி என்றால், ஒரே சமயத்தில் 14,000 பேர் பந்தியில் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு சர்வர் வைத்தால் ஓட்டல் தாங்குமா? அப்பாச்சியின் நிஜமான பலவீனம் இதுதான். நான்கு கார்டு மாட்டி மூன்று முறை பந்தயம் விட்டும், இது யார் கண்ணிலும் படவில்லை. மெதுவாகச் சாப்பிடுகிறவர் அந்தக் கூடத்துக்கு அழைக்கப்படவே இல்லை!

டான் கெகல் என்ற அமெரிக்க இன்ஜினீயர் அதே 1999-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். 'சி10கே' பிரச்னை. ஒரே சமயத்தில் பத்தாயிரம் பேரை ஒரு சர்வர் சமாளிப்பது எப்படி? மைண்ட்கிராஃப்ட் கூத்தையும் உன்னிப்பாகக் கவனித்து எழுதியவர் அவர். விடைகளில் ஒன்று ரஷ்யாவிலிருந்து வந்தது. ராம்ப்ளர் என்ற இணைய நிறுவனத்தில் வேலை பார்த்த இகோர் சிசோயெவ் 2002-ல் எழுதத் தொடங்கி, 2004-ல் இலவசமாக வெளியிட்ட என்ஜின்-எக்ஸ். ஆளுக்கு ஒரு வேலையாள் இல்லை. ஒரே சர்வர் பந்தி முழுக்க நடந்துகொண்டே, யாருக்கு எது தேவையோ அதை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருப்பார். மெதுவாகச் சாப்பிடுகிறவரால் யாருக்கும் தொந்தரவில்லை. இன்று உலகின் வெப்சைட்டுகளில் மிகப் பெரிய பங்கு அதில்தான் ஓடுகிறது.

'பந்தயமே வேண்டாம்' என்று சொன்னவர்களும் உண்டு. 1983-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டெவிட்டும் சகாக்களும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்களை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரக்கிளுக்கு நல்ல மார்க் இல்லை. அதன் தலைவர் லாரி எல்லிசன், பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டு அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. பேராசிரியர் வேலை போகவில்லை. ஆனால், ஆரக்கிள் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து முளைத்தது. எங்கள் அனுமதி இல்லாமல் சோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது! அதற்கு 'டெவிட் ஷரத்து' என்றே பெயர் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டும் தன் டேட்டாபேஸுக்கு இதே மாதிரி ஷரத்து வைத்தது. அதே டெவிட் 2008-ல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார் என்பது தனிக் கூத்து. லினக்ஸுக்கும் அப்பாச்சிக்கும் அப்படி ஒரு ஷரத்து கிடையாது. யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம், மைக் பிடித்துத் தோல்வியை அறிவிக்கலாம். மைண்ட்கிராஃப்ட் செய்ததும் அதைத்தான். மைக்ரோசாஃப்டின் அஸூர் கம்ப்யூட்டர் கூடங்களிலேயே இப்போது பாதிக்கு மேல் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ்.

அந்தப் பெரியவரைச் சொல்ல மறந்துவிட்டேனே. நடு மாடு பிரிவில் அவர் மருமகன் வண்டியும் ஓடியது. மூன்றாவதாக வந்தது. பிரிவு சரி, தூரம் சரி, கொடி அசைத்தவர் வெளியூர்க்காரர். பஸ் கிளம்பும் நேரம் விசாரித்தேன்.

''ரோடு சரியில்ல தம்பி'' என்றார்.